இரண்டாவது ஓட்டு: மெர்தர் டிட்வில் தொகுதியின் வரலாறு



ஒரு தலித் இலக்கிய மேடையின் நினைவுச் சொற்பொழிவுக்கு வேல்ஸ் நாட்டின் பழைய நாடாளுமன்றத் தொகுதி ஒன்றை ஏன் எடுத்துக்கொண்டேன் என்ற கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும். தனித்தொகுதி பற்றியும் புனா ஒப்பந்தம் பற்றியும் நாம் பேசாத மேடை இல்லை. தொகுதி என்ற அந்த ஏற்பாட்டை மட்டும் ஏதோ மலை, ஆறு மாதிரி இயற்கையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். அது மனிதர்கள் கோடு போட்டு உண்டாக்கியது. எந்தத் தெரு உள்ளே, எந்தத் தெரு வெளியே, எவனுக்கு ஓட்டு, எவனுக்கு இல்லை, ஒருவனுக்கு எத்தனை ஓட்டு என்று ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். நமக்கு வந்து சேர்ந்த தேர்தல் முறை பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே அது உழைப்பவனிடம் எப்படி நடந்துகொண்டது என்று பார்க்க மெர்தர் டிட்வில்லைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

ஊர்ப் பெயரிலேயே ஒரு மரணம் இருக்கிறது. மெர்தர் என்றால் வேல்ஸ் மொழியில் தியாகச் சாவு அடைந்தவரின் தலம். டிட்வில் என்ற பெண் 5ஆம் நூற்றாண்டில் அங்கே கொல்லப்பட்டதாக மரபு சொல்கிறது. அதன்பின் நெடுங்காலம் ஆடு மேய்ந்த மலைக்கிராமம்தான். இரும்புத்தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்ததால் 18ஆம் நூற்றாண்டில் அதன் தலைவிதி மாறியது. 1759ல் டௌலைஸ், 1763ல் பிளிமத், 1765ல் கவர்த்வா, 1784ல் பெனிடாரன் என்று நான்கு பெரிய இரும்பாலைகள் வந்தன. 1801 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7,700 பேர். அதுவே அன்று வேல்ஸின் மிகப்பெரிய ஊர். உலகில் முதன்முதலாகத் தண்டவாளத்தின்மேல் நீராவி எஞ்சின் சரக்கு இழுத்ததும் இங்கேதான். 1804 பிப்ரவரி 21 அன்று ட்ரெவிதிக்கின் எஞ்சின் பெனிடாரன் ஆலையிலிருந்து பத்து டன் இரும்பையும் எழுபது பேரையும் ஏற்றிக்கொண்டு போனது.

இந்த ஊருக்கு 1832 வரை நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர் கிடையாது. முனிசிபாலிட்டியும் கிடையாது. ஊரை நடத்தியவர்கள் ஆலை முதலாளிகள். வீடு அவர்களுடையது, வேலை அவர்களுடையது, பல இடங்களில் கடையும் அவர்களுடையது. கூலியைக் காசாகக் கொடுக்காமல் கம்பெனிக் கடையில் பற்று வைத்துக் கழித்துக்கொள்வார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் முன்னோர்களுக்கு அந்தக் கணக்குப் புத்தகம் நன்றாகத் தெரியும். கடன் ஏறினால் வசூலிக்கச் சிறு கடன் நீதிமன்றம் என்று ஒன்று இருந்தது. அதன் அமீனாக்கள் வந்து கட்டிலையும் கடிகாரத்தையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போவார்கள்.

1831ல் இரும்பு விலை விழுந்தது. கவர்த்வா முதலாளி வில்லியம் குராஷே கூலியைக் குறைத்தார். இத்தனைக்கும் அவர் நாடாளுமன்றச் சீர்திருத்தத்தை ஆதரித்துப் பேசியவர். முப்பதாயிரம் பவுண்டு செலவில் கட்டிய கோட்டை மாளிகையில் உட்கார்ந்து தன் ஆலையைப் பார்த்தபடி சீர்திருத்தம் பேசிய மனிதர். தொழிலாளிகளும் அந்தப் பேச்சைக் கேட்டார்கள், அதைத் தங்களுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். மேல்தட்டு ஆள் மேடையில் சமத்துவம் பேசும்போது கீழே நிற்பவன் அதை உள்ளபடியே நம்பிவிடுவது அங்கேயும் நடந்தது.

ஜூன் 2ஆம் தேதி கூட்டம் கடன் நீதிமன்றத் தலைவரின் வீட்டுக்குப் போய்க் கணக்குப் புத்தகங்களை எரித்தது. பறிபோன சாமான்களை வீடு வீடாகப் போய் மீட்டு உரியவர்களிடம் கொடுத்தது. கன்றின் இரத்தத்தில் தோய்த்த துணியைக் கொடியாக்கி, கம்பத்தில் ரொட்டித் துண்டு ஒன்றையும் செருகி எடுத்துச் சென்றார்கள். பிரிட்டனில் தொழிலாளர் எழுச்சியின் அடையாளமாகச் செங்கொடி முதலில் உயர்ந்தது இங்கேதான் என்று பலரும் சொல்கிறார்கள். மறுநாள் கேஸில் இன் என்ற விடுதிக்குள் முதலாளிகளும் மாஜிஸ்திரேட்டுகளும் 93ஆவது ஹைலாண்டர் படைப்பிரிவின் சிப்பாய்களும் இருந்தார்கள். வெளியே ஆயிரக்கணக்கில் கூட்டம். சிப்பாய்களின் துப்பாக்கிகளைப் பிடுங்க முயன்றபோது சன்னல்களிலிருந்து சுட்டார்கள். குறைந்தது 16 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் சில நாட்கள் ஊர் மக்கள் கையில்தான் இருந்தது. ஜூன் 6ஆம் தேதி பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து பெருங்கூட்டம் ஆதரவாகத் திரண்டு வந்தது. டௌலைஸ் மேட்டில் அவர்களை வழிமறித்துக் கலைந்து போகச் சொல்லிப் பேசியவர் டௌலைஸ் ஆலை முதலாளி ஜொசையா ஜான் கெஸ்ட். அவர் பேச்சு எடுபடவில்லை. சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டியபோதுதான் கூட்டம் கலைந்தது. இந்த கெஸ்ட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் ஒருவனைத் தூக்கில் போட வேண்டியிருந்தது. டொனால்ட் பிளாக் என்ற சிப்பாயின் காலில் குத்தியதாக ரிச்சர்ட் லூயிஸ் என்ற 23 வயது சுரங்கத் தொழிலாளிமீது குற்றம் சாட்டினார்கள். ஊர் அவனை டிக் பெண்டெரின் என்று அழைத்தது. சிப்பாய் சாகவில்லை. குத்தியவன் இவன்தான் என்று அடையாளம் காட்டவும் அவரால் முடியவில்லை. ஆயிரக்கணக்கானோர் கருணை மனுவில் கையெழுத்திட்டார்கள். ஜோசப் டிரெகெல்லஸ் பிரைஸ் என்ற க்வேக்கர் இரும்பு முதலாளியே லண்டனுக்குப் போய் வாதாடினார். உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபு இரங்கவில்லை. ஆகஸ்ட் 13 அன்று கார்டிஃப்பில் தூக்கு. கிளர்ச்சியில் முன்னணியில் நின்ற லூயிஸ் லூயிஸுக்கோ மரணதண்டனை நாடுகடத்தலாகக் குறைந்தது. குத்தியது தானே என்று வேறொருவன் அமெரிக்காவில் சாகும் தறுவாயில் ஒரு போதகரிடம் சொன்னதாக 1874ல் செய்தித்தாளில் வந்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து.

இதற்கு அடுத்த ஆண்டுதான் பெரும் சீர்திருத்தச் சட்டம் வந்தது. முதல் வரைவில் மெர்தரைக் கார்டிஃப் தொகுதிக் கூட்டத்தோடு ஒட்டுச் சேர்ப்பதாகத்தான் இருந்தது. கடைசியில் தனி இடம் கொடுத்தார்கள். மெர்தரோடு அபர்டேர் பகுதியையும் சேர்த்து ஒரே உறுப்பினர். இதை எழுச்சியின் வெற்றி என்று கொண்டாடலாமா? வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்த தொகுதியில் 1832ல் பதிவான வாக்காளர்கள் 502 பேர். ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு மதிப்புள்ள கட்டடத்தில் குடியிருப்பவனுக்குத்தான் ஓட்டு. கடைக்காரர், சாராயக்கடைக்காரர், வக்கீல், ஆலை அதிகாரி. கம்பெனி வீட்டில் இருந்தவனுக்கு இல்லை. பெண்ணுக்கு இல்லவே இல்லை. அதுவரை வழக்கமாக இருந்த விலக்கலை 'ஆண்' என்ற சொல்லைப் போட்டு முதன்முதலாக எழுத்தில் ஆக்கியதும் இந்தச் சட்டம்தான்.

அந்த 502 பேரின் உறுப்பினராகப் போட்டியின்றி வந்தவர் யார்? டௌலைஸ் மேட்டில் கூட்டத்தைக் கலையச் சொன்ன கெஸ்ட். 1852ல் சாகும்வரை, இருபது ஆண்டுகள், அவர்தான் உறுப்பினர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் கட்டினார். அவர் மனைவி சார்லட் வேல்ஸ் மொழியின் பழங்கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உலகுக்குத் தந்தவர். ஆனால் 1845 வாக்கில் 18 ஊது உலைகளும் 7,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களும் கொண்டு உலகிலேயே பெரியதாக இருந்த ஆலையின் முதலாளி, அந்தத் தொழிலாளிகளின் 'பிரதிநிதி'யாக லண்டனில் உட்கார்ந்திருந்தார். ஓட்டே இல்லாதவனுக்கும் சேர்த்துத்தான் உறுப்பினர் பேசுகிறார் என்பது அந்தக் காலத்து வாதம். 1919ல் சவுத்பரோ குழுவின் முன் 27 வயது அம்பேத்கர் சாட்சியம் சொல்லப் போனபோது எதிர்கொண்ட வாதங்களில் இதன் நிழல் உண்டு. சொத்துத் தகுதி வைத்தால் தீண்டப்படாதோரில் எத்தனை பேர் வாக்காளராக முடியும் என்று அவர் கேட்டார். பத்துப் பவுண்டு வீடு செய்த வேலையை இங்கே வரி ரசீது செய்தது.

நாடாளுமன்ற உறுப்பினர் இருந்தார், சாக்கடை இல்லை. மெர்தரின் 19ஆம் நூற்றாண்டை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இப்படித்தான் சொல்வேன். ஆற்றுத் தண்ணீரை ஆலைகள் எடுத்துக்கொண்டன. பெண்கள் ஊற்றுக் குழாயடியில் இராத்திரி முழுக்க வரிசையில் நின்றார்கள். 1849 காலராவில் 1,400க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஆலைக்கழிவு மேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு குடிசைப் பகுதி இருந்தது. அதற்கு 'சைனா' என்று பெயர் வைத்திருந்தார்கள். திருடர்களும் விலைமாதர்களும் வாழும் இடம் என்று போலீசும் பத்திரிகைகளும் எழுதின. அங்கிருந்த பெரும்பாலோர் வேலையில்லாத ஏழைகள். ஊருக்குள்ளேயே ஓர் அந்நிய நாட்டை உண்டாக்கி அங்கே சிலரைத் தள்ளிவிடும் வித்தை நமக்குப் புதிதல்ல. ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். 'சைனா'வில் பிறந்தவன் கூலி சேர்ந்ததும் வெளியேறி வேறு தெருவில் வீடு பிடித்தால், அவன் பேரனை யாரும் 'சைனாக்காரன்' என்று தள்ளி வைக்கவில்லை. வர்க்கத்தையும் சாதியையும் அவசரப்பட்டு ஒன்றாக்கிவிடும் பழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது. அதற்காகச் சொல்கிறேன். இந்த ஊருக்கு முறையான நகரசபை உரிமை கிடைத்தது 1905ல். உறுப்பினர் வந்து 73 ஆண்டுகள் கழித்து.

ஓட்டு இல்லாத தொழிலாளி சும்மா இருக்கவில்லை. அன்று வாக்களிப்பு இரகசியமில்லை. மேடையேறி, வேட்பாளர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்று அச்சடித்துப் புத்தகமாகவே விற்றார்கள். முதலாளிக்கு அது வசதி. ஆனால் பிரிட்டனின் பல தொழில் நகரங்களில் ஓட்டில்லாதவர்கள் இதையே திருப்பிப் போட்டார்கள். ஓட்டுள்ள கடைக்காரன் எங்கள் ஆளுக்கு ஓட்டுப் போடாவிட்டால் அவன் கடையில் வாங்க மாட்டோம். சாசன இயக்கம் எழுந்தபோது மெர்தர் அதன் வேல்ஸ் மையங்களில் ஒன்றானது. எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை, இரகசிய வாக்குச்சீட்டு, உறுப்பினருக்குச் சம்பளம் முதலான ஆறு கோரிக்கைகள் அந்தச் சாசனத்தில் இருந்தன. நெசவுத் தொழிலோடு தொடர்புடைய மார்கன் வில்லியம்ஸ் என்பவர் 1840ல் வேல்ஸ் மொழியில் சாசன இயக்கப் பத்திரிகையே நடத்தினார்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1847ல் வேல்ஸின் கல்வி நிலை பற்றி அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று ஆணையர்கள். மூவரும் ஆங்கிலேய வக்கீல்கள், ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். வேல்ஸ் மொழி தெரியாதவர்கள். பள்ளிகள் மோசம் என்பதோடு நிறுத்தாமல், வேல்ஸ் மக்கள் ஒழுக்கமற்றவர்கள், பெண்கள் கற்பற்றவர்கள், இதற்கெல்லாம் அவர்கள் மொழியும் திருச்சபைக்கு வெளியே இருந்த அவர்களின் சிற்றாலயங்களும் காரணம் என்று எழுதினார்கள். அந்த அறிக்கையை வேல்ஸ் மக்கள் இன்றும் 'நீலப் புத்தகத் துரோகம்' என்கிறார்கள். சமூகவியல் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு மக்கள் கூட்டத்தை அளக்க வருகிறவன் தன் அளவுகோலை யாரிடமிருந்து வாங்கிவந்தான் என்று கேட்காமல் எந்த அறிக்கையையும் படிக்காதீர்கள். குற்றப் பரம்பரைப் பட்டியல் தயாரித்த கைகளும் இதே மாதிரிப் பயிற்சி பெற்ற கைகள்தான்.

அந்த இழிவுக்குப் பதில் 1868ல் மெர்தரில் கிடைத்தது. 1867 சட்டம் நகரத் தொகுதிகளில் குடும்பத் தலைவர்களான ஆண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது. 1,387 ஆக இருந்த மெர்தர் வாக்காளர் எண்ணிக்கை 14,577 ஆனது. பத்து மடங்கு. பிரிட்டனில் மிகச் சில தொகுதிகளிலேயே இப்படி ஒரு பாய்ச்சல் நடந்தது. இரண்டாவது உறுப்பினர் இடமும் கிடைத்தது. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. கெஸ்ட்டுக்குப் பிறகு பதினாறு ஆண்டுகளாக உறுப்பினராக இருந்த ஹென்றி ஆஸ்டின் புரூஸ், அபர்டேர் இரும்பு முதலாளி ரிச்சர்ட் ஃபோதர்கில், இவர்களோடு ஹென்றி ரிச்சர்ட் என்ற முன்னாள் போதகர். இவர் போருக்கு எதிரான அமைதிச் சங்கத்தின் செயலாளர். வேல்ஸ் மொழியில் பேசினார். இந்த நாட்டின் மொழியைப் பேசுகிற, சிற்றாலயங்களில் தொழுகிற, வேலை செய்கிற நாங்கள்தான் வேல்ஸ் மக்கள், நிலப்பிரபுக்கள் அல்ல என்பதே அவர் பேச்சின் சாரம். முடிவு: ரிச்சர்ட் 11,683, ஃபோதர்கில் 7,439, புரூஸ் 5,776. பதவியிலிருந்தவர் மூன்றாமிடம். அவரை உள்துறை அமைச்சராக்கி, வேறொரு தொகுதியில் நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள் என்பது வேறு கதை. தோற்ற பெரிய மனிதனுக்கு எப்போதும் இன்னொரு கதவு திறக்கும்.

இந்த வெற்றியில் சிற்றாலயங்களின் பங்கு பெரிது. ஞாயிறு பள்ளிகளில் பெரியவர்களும் தம் மொழியில் எழுதப் படிக்கக் கற்றார்கள். கூட்டம் நடத்தவும், தீர்மானம் எழுதவும், கணக்குப் பார்க்கவும், தலைவரை எதிர்த்துப் பேசவும் பழகிய இடம் அது. ஓட்டு வந்த நாளில் அந்த மக்கள் தயாராக இருந்தார்கள். ஆனால் அதே தேர்தலில் கார்டிகன், கார்மார்தன் மாவட்டக் கிராமங்களில் நிலப்பிரபுவுக்கு எதிராக ஓட்டுப் போட்ட குத்தகை விவசாயிகள் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். யாருக்குப் போட்டான் என்பது பகிரங்கம் அல்லவா? ஹென்றி ரிச்சர்ட் அதை 1869ல் நாடாளுமன்றத்தில் எழுப்பினார். 1872ல் இரகசிய வாக்குச்சீட்டுச் சட்டம் வந்ததற்கு இந்த வெளியேற்றங்களும் ஒரு காரணம். நாம் இன்று வாக்குச்சாவடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பொத்தானை அமுக்குகிறோமே, அந்தத் தடுப்பின் பின்னால் நிலம் இழந்த வேல்ஸ் குடியானவர்களும் நிற்கிறார்கள்.

அடுத்த முப்பது ஆண்டுகளை வேகமாகக் கடக்கிறேன். 1874ல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் தாமஸ் ஹாலிடே நின்று தோற்றார். 1888ல் இரண்டு இடங்களும் காலியாகி, நிலக்கரி முதலாளி டி. ஏ. தாமஸும் தங்கச்சுரங்க முதலாளி பிரிட்சார்ட் மார்கனும் உறுப்பினர்களானார்கள். மறுபடி முதலாளிகள்.

1900 தேர்தலுக்கு வருவோம். என் தலைப்பில் உள்ள இரண்டாவது ஓட்டு அங்கேதான் இருக்கிறது. போயர் போர் நடந்துகொண்டிருந்தது. தேசபக்திக் காய்ச்சல். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1898ல், ஆறு மாதக் கதவடைப்பில் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் தோற்று, அந்தத் தோல்வியிலிருந்து தங்கள் கூட்டமைப்பைக் கட்டியிருந்தார்கள். அவர்கள் நடுவே வந்து நின்றவர் கீர் ஹார்டி. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை. பத்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். 1894 ஜூன் 23 அன்று பக்கத்து ஊரான கில்வனித்தின் ஆல்பியன் சுரங்கத்தில் வெடித்து 290 பேர் செத்தார்கள். அதே நாளில் அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவையில் குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் வந்தது. செத்தவர்களுக்கும் ஓர் இரங்கலைச் சேருங்கள் என்று கேட்டவர் அப்போது வேறொரு தொகுதியின் உறுப்பினராக இருந்த ஹார்டி. சேர்க்கவில்லை. அவர் எழுந்து பேசியபோது அவை ஊளையிட்டது. சுரங்க வீடுகள் அதை மறக்கவில்லை.

ஹார்டி பிரெஸ்டனிலும் நின்றதால் மெர்தரில் அவர் பிரசாரம் செய்தது மிகச் சொற்ப நேரம். பிரெஸ்டனில் தோற்றார். மெர்தரில் டி. ஏ. தாமஸ் 8,598, ஹார்டி 5,745, மார்கன் 4,004. ஹார்டியின் 5,745ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவருக்கு மட்டும் போட்டு இரண்டாவது ஓட்டைப் பயன்படுத்தாதவர்கள் 867. மார்கனோடு சேர்த்துப் போட்டவர்கள் 441. தாமஸுக்கும் அவருக்கும் சேர்த்துப் போட்டவர்கள் 4,437. அதாவது தொழிலாளர் இயக்கத்தின் தனிப் பலம் ஆயிரம் ஓட்டைத் தொடவில்லை. ஒரு நிலக்கரி முதலாளிக்குப் போட்டவர்களின் மற்றொரு ஓட்டுதான் அவரை உள்ளே அனுப்பியது. தாமஸும் மார்கனும் ஒரே கட்சி, ஆனால் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். மார்கன் போர் ஆதரவாளர். தாமஸின் சாய்வு ஹார்டி பக்கம் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு அமைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் தொழிற்கட்சியானது அதுதான். அதன் சார்பில் வென்ற இருவரில் ஒருவர் ஹார்டி.

இந்த ஏற்பாட்டுக்கு நம் ஊரில் ஓர் உறவு உண்டு. 1952, 1957 தேர்தல்களில் இந்தியாவிலும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஓர் இடம் பொது, ஓர் இடம் ஒதுக்கீடு, வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. 1952ல் அம்பேத்கர் பம்பாய் வடக்கு என்ற அப்படிப்பட்ட தொகுதியில்தான் தோற்றார். இரண்டாவது ஓட்டை வீணாக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தது என்று அவரும் அசோக் மேத்தாவும் தேர்தல் வழக்குத் தொடுத்தார்கள். 1957ல் ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் நேர்மாறாக நடந்தது. ஒதுக்கீட்டு இடத்தோடு பொது இடத்தையும் பழங்குடி வேட்பாளரே வென்றார். தோற்றவர் வி. வி. கிரி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1959ல் கிரி தோற்றார். 1961ல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். தொகுதி பெரிதாகிவிடுகிறது, நடத்துவது சிரமம் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். பார்வதிபுரத்தைப் பற்றி நான் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

ஹார்டிக்குத் திரும்புவோம். 1907ல் அவர் இந்தியா வந்தார். வங்காளத்தில் சுற்றி, கனடாவுக்குக் கொடுத்த சுயாட்சியை இந்தியாவுக்கும் கொடு என்ற கருத்தில் பேசினார். லண்டன் பத்திரிகைகள் அவரை இராஜத்துரோகி என்றன. 1909ல் இந்தியா பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். பெண்கள் வாக்குரிமைக்கு அவையில் உறுதியாக நின்றார். எனினும் இதே ஹார்டி 1887ல், ஸ்காட்லாந்து இரும்பாலைக்கு வந்த லித்துவேனியக் கூலிகளை அழுக்கானவர்கள், ஒழுக்கத்துக்குக் கேடானவர்கள் என்று எழுதியவர். தன்னைவிடக் குறைந்த கூலிக்கு வருகிறவனைப் பார்க்கும்போது தொழிலாளர் தலைவனின் கண்ணும் நீலப் புத்தகத்துக் கண்ணாக மாறுகிறது. நம் தொழிற்சங்க வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை அருகில் வைத்துக்கொண்டு எழுதலாம்.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. போருக்கு எதிராகப் பேச ஹார்டி தன் தொகுதியின் அபர்டேருக்கு வந்தார். அவரைத் தேர்ந்தெடுத்த அதே மக்கள் கூச்சலிட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்கள். 1915 செப்டம்பரில் அவர் இறந்தார். நவம்பர் இடைத்தேர்தலில் தொழிற்கட்சி வேட்பாளர், சுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் ஜேம்ஸ் வின்ஸ்டன் 6,080 ஓட்டு. போர் வெறி பேசி எதிர்த்து நின்ற முன்னாள் சங்கத் தலைவர் சி. பி. ஸ்டான்டன் 10,286. அமைதிச் சங்கத்துச் செயலாளரை இருபது ஆண்டுகள் அனுப்பிய ஊர் இது.

1918ல் மெர்தர், அபர்டேர் எனத் தொகுதி இரண்டாகப் பிரிந்தது. இரண்டு ஓட்டுக் கதை அதோடு முடிந்தது. 1922 முதல் மெர்தர் இடதுசாரிகளின் கோட்டை. ஆனால் உறுப்பினர் கிடைத்த நேரத்தில் வேலை போய்விட்டது. 1930ல் டௌலைஸ் ஆலை பெரும்பாலும் மூடப்பட்டது. முப்பதுகளில் காப்பீடு பெற்ற தொழிலாளிகளில் பாதிக்கும் மேல் வேலையில்லாதவர்கள். உதவித்தொகையைக் குறைத்த விதிகளுக்கு எதிராக 1935 பிப்ரவரியில் பெண்கள் முன்னின்று உதவி வாரிய அலுவலகத்தை நொறுக்கினார்கள். 1936ல் எட்டாம் எட்வர்ட் மன்னர் வந்து ஏதாவது செய்தாக வேண்டும் என்று வருத்தப்பட்டுப் போனார். கில்வனித் வெடித்த அன்று பிறந்த அதே குழந்தை. 1939ல் ஓர் ஆய்வு அமைப்பு இந்த ஊரையே கைவிட்டு மக்களை வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று யோசனை சொன்னது. இரும்பு வேண்டியிருந்தபோது கூட்டி வந்தவர்கள், வேண்டாதபோது காலி செய்யச் சொன்னார்கள்.

1934 முதல் உறுப்பினர் எஸ். ஓ. டேவிஸ், சுரங்கத்திலிருந்து வந்தவர். 1955ல் வேல்ஸுக்குத் தனி நாடாளுமன்றம் கேட்டு மசோதா கொண்டுவந்து கட்சியின் கோபத்தைச் சம்பாதித்தார். அவர் காலத்தில்தான் அபர்வான் நடந்தது. 1966 அக்டோபர் 21 காலை. தேசிய நிலக்கரி வாரியம் மலைமேல் கொட்டிய ஏழாம் எண் கழிவுமேடு சரிந்து பான்ட்கிளாஸ் பள்ளியின்மேல் இறங்கியது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். விசாரணை மன்றத்தில் டேவிஸ் ஒரு சாட்சியம் சொன்னார். மேடு சரியலாம், ஊரை எட்டலாம் என்ற அச்சம் தனக்கு முன்பே இருந்தது. வற்புறுத்திக் கேட்டால் சுரங்கத்தையே மூடிவிடுவார்களோ என்று பயந்து பேசாமலிருந்தேன். வேலையா உயிரா என்ற கேள்வியை மேலிருப்பவன் நம் கையில் கொடுத்துவிட்டால் நல்ல பிரதிநிதிகூட ஊமையாகிறான். நான் அவரை மன்னிக்கவும் இல்லை, எளிதாகக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. கழிவுமேட்டுக்குப் பக்கத்திலும், தோல் ஆலைக்குப் பக்கத்திலும், குப்பைக் கிடங்குக்குப் பக்கத்திலும் வாழ்கிற எந்த மக்களின் கவுன்சிலரும் இதே இடத்தில் ஒரு நாள் நிற்க நேரும்.

விசாரணை மன்றம் வாரியத்தைக் குற்றம் சாட்டியது. ஒருவர்மீதும் வழக்கு இல்லை, ஒருவர் வேலையும் போகவில்லை. மீதி மேடுகளை அகற்றும் செலவுக்கு, செத்த குழந்தைகளுக்காக உலகம் அனுப்பிய நன்கொடை நிதியிலிருந்து 1,50,000 பவுண்டை எடுத்தது அரசு. ஆண்டது தொழிற்கட்சி. அதே கட்சியைச் சேர்ந்த டேவிஸ் இதை எதிர்த்தார்.

1970ல் கட்சி அவருக்கு வயதாகிவிட்டது என்று இடம் மறுத்தது. எண்பதை ஒட்டிய வயதில் தனியாக நின்றார். டேவிஸ் 16,701. அதிகாரபூர்வ வேட்பாளர் 9,234. கட்சிச் சின்னமில்லாமல் ஒரு முதியவர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். 1972 பிப்ரவரியில் இறந்தார். அடுத்து வந்த இடைத்தேர்தலில் தொழிற்கட்சி ஜெயித்தது, ஆனால் வேல்ஸ் தேசியக் கட்சி மிக நெருங்கி வந்தது. 1983ல் பக்கத்து ரிம்னி பள்ளத்தாக்கோடு சேர்த்து மறுவரை செய்தபோது மெர்தர் டிட்வில் என்ற தனித் தொகுதி இல்லாமல் போயிற்று. 2024 மறுவரையில் மெர்தரையும் அபர்டேரையும் மீண்டும் ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். 1832ல் கோடு போட்டவர்கள் இணைத்த அதே இரண்டு ஊர்கள்.

அந்த 1,50,000 பவுண்டை அரசு 1997ல் திருப்பிக் கொடுத்தது. வட்டி சேர்க்காமல்.